மச்சமும் மரக்கறியும்

உலகத்து மாந்தரை இரண்டாகப் பிரிப்பதிலே அறிஞர்களுக்கு அளவிறந்த பிரியம் உண்டு. செல்வர், வறியர் என்று பொருளியலார் பிரிப்பர். கற்றார், கல்லார் என்று புலவர் பிரிப்பர். கடன் கேட்போர், ரொக்கம் தருவோர் என்று கடைக்காரர் பிரிப்பர். இப்பிரிவுகள் யாவும் பந்தியில் இலை போடும் வரையிலேதான் நிற்கும். இலை விழுந்தவுடன் ஏனைய பேதங்கள் மறைந்து, "மச்சமா, மரக்கறியா?" என்னும் ஒரே பேதம் எஞ்சிநிற்கும். சங்கங்களும் சபைகளும் தீர்க்கவியலாத வழக்கு இது. ஆயினும், தீர்ப்புச் சொல்ல முன்வராத மனிதனும் இல்லை.

இவ்வழக்கை ஆராய்வதற்கு ஏற்ற இடமொன்று கிழக்கிலங்கையில் உண்டு. திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளி வீதிவழியாகச் செல்வோர் உப்புவெளியைக் கடந்து சாம்பல்தீவை அடைவர். பெயரிலே தீவு உண்டு; ஆனால் ஓடம் வேண்டியதில்லை, பாலத்தைக் கடந்து பேருந்திலேயே போகலாம். பெயரிலே சாம்பலும் உண்டு. ஆயின் வீட்டு அடுப்பிலே நாள்தோறும் விழுவதற்குமேற் சாம்பலை அங்கே காண்பதரிது. வெளியூரார் சிலர் அதனைச் 'சம்பல்தீவு' என்று செவிமடுத்து, தேங்காய்ச் சம்பல் பிறந்த பதி இதுவே போலும் என மயங்குவதுமுண்டு. ஒருபால் வங்காள விரிகுடா. மறுபால் களப்பும் தோட்டமும். அலையோசை கேட்கும் சல்லிக் கடற்கரையிலே முத்துமாரியம்மன் கோயில் கொண்டிருக்கின்றாள். அவளுக்குப் பொங்கலிடுவோரிற் பலர் கடற்றொழிலாளர். நெற்றியிலே திருநீறு, தோளிலே வலை. இவ்விரண்டும் ஓர் உடலிற் பொருந்துமா என்று ஐயுறுவோர் பட்டினத்துக் கூடத்திலே இருந்து வாதிடலாம். சாம்பல்தீவிலே அவை காலங்காலமாகப் பொருந்தியே இருக்கின்றன.

வழக்கை விசாரிக்கப் புகுமுன் அதிற் பயிலும் சொற்களை விசாரித்தல் முறை. ஏனெனில் சண்டையின் பாதி சொற்களால் விளைந்தது. 'மச்சம்' என்பது மீனைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்தது. ஈழத்து வழக்கிலே அது மீனோடு நில்லாது ஆடு, கோழி, முட்டை ஈறாகப் புலால் அனைத்தையும் தன் வலைக்குள் இழுத்துக்கொண்டது. கடல்சூழ்ந்த நாட்டிலே மீன் தலைமை தாங்குவது இயல்பன்றோ? ஆனால் தமிழகத்திலிருந்து வந்த விருந்தினரைப் பார்த்து, "நீங்கள் மச்சம் சாப்பிடுவீர்களோ?" என்று கேட்டால் அவர் திடுக்கிடுவார். அவர் அறிந்த மச்சம் கன்னத்திலோ தோளிலோ கிடக்கும் கரும்புள்ளி. அதனைச் சாப்பிடும் வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை.

'கறி' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் சுவையுடையது. சங்க நூல்களிலே கறி என்றால் மிளகு. பின்னர் மிளகு சேர்த்துச் சமைத்த பண்டமே கறியாயிற்று. இன்று தமிழகத்திலே கறியென்றால் பெரும்பாலும் இறைச்சி, கறிக்கடை இறைச்சிக்கடையே. ஈழத்திலோ கத்தரிக்காயும் கறி, பருப்பும் கறி, கணவாயும் கறி. எனவே இங்குள்ள ஆசாரசீலர் ஒருவர், "இன்றைக்கு வீட்டில் ஐந்து கறி" என்று பெருமையோடு கூறுவாராயின், மதுரையிலிருந்து வந்த நண்பர் ஐந்து பிராணிகளின் கதியை எண்ணிக் கலங்குவார்.

எல்லாவற்றிலும் பெருங்குழப்பம் விளைப்பது 'சைவம்' என்னும் சொல். சிவனை முழுமுதலாகக் கொண்ட சமயத்துக்குரிய பெயர், எங்ஙனமோ பூசணிக்காய்க்கும் உரியதாயிற்று. இதனால் நேரும் விநோதங்களை உணவுக் கடைகளிலே காணலாம். கிறித்தவ அன்பர் ஒருவர் வந்து, "எனக்குச் சைவம்" என்பார். அவருக்கு அருகே, கோணேசப் பெருமானை வணங்கிவந்த அடியார் ஒருவர், "எனக்கு மச்சம்" என்பார். பரிமாறுபவன் திகைப்பதில்லை. சமயம் வேறு, சாப்பாடு வேறு என்பதை நூல் கற்றாரினும் தெளிவாக அறிந்தவன் அவனே.

சாம்பல்தீவு போன்ற ஊர்களிலே சைவ உணவு பலர்க்கும் ஆளைப் பொறுத்ததன்று, நாளைப் பொறுத்தது. வியாழக்கிழமை இரவு சுறாப்புட்டு உண்டவர், வெள்ளிக்கிழமை காலை பரம சைவராகி எழுவார். ஆடி அமாவாசையிலே தந்தையை நினைந்தும், சித்திரா பௌர்ணமியிலே தாயை நினைந்தும் மச்சம் விலக்குவர். கந்தசட்டி ஆறு நாள். திருவெம்பாவை பத்து நாள். கேதார கௌரி விரதமெனின் இருபத்தொரு நாள். அம்மன் பொங்கல் வந்தால் ஊரே அடங்கிவிடும். இவ்வாறு கூட்டிப் பார்த்தால், மச்சம் உண்பவர் எனப்படுபவரும் ஆண்டிலே கணிசமான பகுதியைக் கத்தரிக்காயோடுதான் கழிக்கின்றார். அவரை எந்தக் கட்சியிலே சேர்ப்பது?

விரதம் வந்தால் மனிதர் மட்டுமன்று, சட்டிகளும் விரதம் பூணும். பல வீடுகளிலே மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. கொடியேற்றத்துக்கு முதல்நாள் வீடு கழுவி, மச்சச் சட்டிகளைக் கவிழ்த்து அடுக்களைக்குப் புறத்தே ஒதுக்கி வைப்பர். அவை தண்டனை பெற்ற மாணவர் போல வரிசையாக முகங்கவிழ்ந்து கிடக்கும். இவ்வேற்பாட்டுக்கு இணங்காத உயிர் வீட்டிலே ஒன்றுதான் உண்டு. அதுவே பூனை. பஞ்சாங்கம் பாராத அப்பிராணி, கவிழ்ந்த சட்டியைச் சுற்றிச்சுற்றி வந்து, குடும்பத்துக்கு நேர்ந்த பேரிடர் யாதென அறியாது புலம்பும்.

இப்பஞ்சாங்கத்தை நன்கறிந்தவர் மீன் விற்பவர். வியாழன் மாலை சந்தையிலே நிகழும் உரையாடல் பெரும்பாலும் இவ்வாறிருக்கும்:

"அண்ணை, விடிஞ்சால் வெள்ளிக்கிழமை. நாளைக்கு ஆர் வாங்கப் போகினம்? பாதி விலைக்குத் தாங்கோ."

"தங்கச்சி, மீனுக்கு வெள்ளி செவ்வாய் தெரியாது. எனக்கும் வீட்டில அடுப்பு எரிய வேணும்."

"அப்ப முக்கால் விலைக்குத் தாங்கோ."

"ரெண்டு கீரிமீன் கூடப் போடுறன். விலையில கை வைக்காதேங்கோ."

பக்தியும் பேரமும் இவ்வளவு நெருங்கிய உறவினர் என்பதை வேறெங்கும் இத்துணை விளங்கக் காணவியலாது.

அதே வெள்ளிக்கிழமையை இன்னொரு கண்கொண்டு நோக்கினால் வேடிக்கை மிகும். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளிலே கத்தோலிக்கர் இறைச்சியை விலக்குவர், மீனை விலக்குவதில்லை. ஆகவே சைவர்க்கு மீன் பாவமாகும் அதே நாளில், அதே சந்தையில், கத்தோலிக்கர்க்கு மீனே விரத உணவாகின்றது. இறைச்சிக்கடைகள் சட்டப்படி மூடப்படும் போயா தினத்திலே இன்னொரு கணக்கு. ஒரு பாரைமீன் புரண்டு கிடக்கும் அப்பலகையின்மேலேயே அது இறைச்சியாகவும், இறைச்சி அல்லாததாகவும் மாறிமாறிப் பிறவி எடுக்கின்றது. மீன் பாவம், இவையொன்றும் அறியாது வாயைப் பிளந்தபடி கிடக்கின்றது.

இயற்கையும் இவ்விஷயத்தில் ஓர் ஆசாரம் வைத்திருக்கின்றது. சோளகக் காற்று வீசும் மாதங்களிலே கீழைக் கடல் அமைதியாயிருக்கும். அக்காலத்திலே நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேற்குக் கரையூர்களிலிருந்துங்கூடத் தொழிலாளர் கிழக்குக் கரைக்கு வந்து தொழில்புரிவது நெடுநாள் வழக்கம். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழுந்ததும் கடல் சீறும், கலங்கள் கரையேறும். கந்தசட்டியும் திருவெம்பாவையும் வருவது அந்தப் பருவத்திலேதான். மீன் கிடையாத காலத்திலே மீன் உண்ணலாகாது என்று விதித்த முன்னோர் எத்துணைக் கருணையாளர்!

உணவை மாற்றுவதிலும் பெயரை மாற்றுவது எளிது என்பதை உலகம் முழுவதும் கண்டுபிடித்துள்ளது. வங்காளத்து அந்தணர் மீனை நீரிற் பூத்த மலரெனக் கூறி உண்பர். கனடாவிலே குடியேறிய பிரெஞ்சுக் கத்தோலிக்கர், நீரில் நீந்தும் பீவர் என்னும் விலங்கை மீனினத்திற் சேர்த்துத் தவக்காலத்திலும் உண்டனர். தென் அமெரிக்காவின் வெனிசுவேலாவிலே, பன்றிக்குட்டியளவு பருத்த கபிபாரா என்னும் கொறிவிலங்கும் அவ்வாறே மீனாயிற்று. ஜப்பானிலே 675ஆம் ஆண்டில் தென்மு மன்னர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை ஆண்டின் சில மாதங்களில் உண்ணலாகாதெனக் கட்டளை பிறப்பித்தார். பிற்காலத்திலே அந்நாட்டுக் கடைக்காரர் காட்டுப்பன்றி இறைச்சிக்கு 'மலைத் திமிங்கிலம்' என்று பெயரிட்டு விற்றனர். திமிங்கிலத்தை அவர்கள் மீனென்று கொண்டதாற் குற்றமில்லை. மனிதனுடைய நாவுக்கு இரண்டு தொழில். ஒன்று சுவைப்பது, மற்றது, சுவைத்ததற்குச் சமாதானம் சொல்வது.

இலங்கையர் இக்கலையிற் பின்தங்கியவர் அல்லர். மாசி என்னும் மாலைதீவு உலர்மீனைத் தூளாக்கிச் சம்பலிலும் கீரையிலும் தூவுவது நாட்டு வழக்கம். "இது மரக்கறிதானே?" என்று கேட்டால், "ஓம், மரக்கறிதான், வாசத்துக்குக் கொஞ்சம் மாசி" என்னும் விடை வரும். மாசி அவர்கள் கணக்கிலே மீனன்று. உப்பு, மிளகாய் போல ஒரு சரக்கு. மறுபுறத்திலே, மச்சம் தொடாத இல்லங்களிலே பிஞ்சுப் பலாக்காயை இறைச்சிக் கறி போலச் சமைத்து, "ஆட்டிறைச்சி தோற்றுப்போம்" என மகிழ்வோரும் உளர். கடையிலே சோயாமீற் என்னும் பண்டம் கோழியின் சுவையிலும் கணவாயின் சுவையிலும் பொதிசெய்து விற்கப்படுகின்றது. மச்சம் உண்பவர் மரக்கறியிலே மீனை ஒளிக்கின்றார். மரக்கறி உண்பவர் மரக்கறியையே மீனாக்குகின்றார். இருவரும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டு எதிரெதிர்த் திசையிலே செல்கின்றனர் போலும்.

இனி, இரு கட்சியாரும் அறிவியல் பேசும் சபைக்குச் செல்வோம். மரக்கறிக் கட்சியார் முதலில் எழுந்து, "யானையைப் பாருங்கள். அது புலால் உண்கின்றதா? அதன் வலிமை சிங்கத்துக்கு உண்டா?" என்பர். மச்சக் கட்சியார் விடையிறுப்பர்: "யானை நாளிற் பெரும்பொழுதை உண்பதிலேயே கழிக்கின்றது, 150 கிலோ வரையில் இலையும் தழையும் தின்கின்றது. அரசாங்க உத்தியோகத்தர்க்கு மதிய உணவுக்கு உள்ளதோ ஒருமணி நேரம்."

"ஓரறிவுயிராகிய தாவரத்தை உண்பதிற் பாவம் குறைவு" என்று மரக்கறிக் கட்சியார் தொல்காப்பியத்தைத் துணைக்கழைப்பர். புல்லும் மரமும் ஓரறிவுடையன; நத்தையும் சிப்பியும் ஈரறிவுடையன; எறும்பு மூவறிவுடையது; நண்டு நாலறிவுடையது என்றிவ்வாறு தொல்காப்பியர் உயிர்களை ஏணிப்படியாக வகுத்தது மெய்யே. உடனே கரையூர்க் குறும்பர் ஒருவர் எழுந்து, "அப்படியானால் மட்டிக்கு ஓரறிவுதானே கூடுதல்? அந்த ஓரறிவுக்காக நாங்கள் பட்டினி கிடப்பதா?" என்று கேட்பார். சபை சிரிக்கும், புலவர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்.

ஜகதீச சந்திரபோஸ் என்னும் வங்காள விஞ்ஞானி தாவரங்களும் தூண்டலுக்கு மறுமொழி தருவதை நுண்கருவிகளால் அளந்து, 1901ஆம் ஆண்டில் இலண்டன் அறிஞர் சபையிலே காட்டினார். 1881ஆம் ஆண்டுமுதல் புலால் விலக்கி 94 வயதுவரை வாழ்ந்த பெர்னாட் ஷா, அவருடைய ஆய்வுகூடத்திலே கோவா இலையொன்று வெந்நீரிற் பட்டுத் துடித்ததைக் கண்டு மனம் வருந்தினார் என்றொரு கதையும் வழங்குகின்றது. ஆனால் மறுமொழி வேறு, வேதனை வேறு. தாவரத்துக்கு மூளையும் நரம்புத் தொகுதியும் இல்லை. அது நோவை உணர்கின்றது என்பதற்குச் சான்றும் இல்லை. ஆட்டின் கண்ணையும் கத்தரிக்காயின் காம்பையும் ஒன்றெனக் கூறுபவர் வாதத்துக்காகக் கூறுகின்றாரேயன்றி, அடுக்களையிலே அதனை நம்புவதில்லை. காந்தியடிகள் இளமையிலே நண்பர் தூண்டுதலால் ஆட்டிறைச்சி உண்ட அன்றிரவு, தம் வயிற்றுக்குள்ளே உயிருள்ள ஆடு கத்துவதுபோலத் தோன்றி உறக்கமிழந்ததாக எழுதியிருக்கின்றார். வயிற்றிலே வெண்டிக்காய் கத்தியதாக இதுவரை எவரும் எழுதவில்லை.

மச்சக் கட்சிக்கும் அறிவியலில் ஒரு சீட்டு உண்டு. இரத்தம் ஊறுவதற்கும் நரம்பு நலத்துக்கும் இன்றியமையாத பி12 என்னும் உயிர்ச்சத்து 1948ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. தாவர உணவிலே அது நம்பத்தகுந்த அளவில் இல்லை. மீன், இறைச்சி, முட்டை, பால் என்பவற்றில் உண்டு. ஆகவே பாலையும் நீக்கியவர் அதனை வேறுவகையாகப் பெறல் வேண்டும். மரக்கறிக் கட்சியாரோ பருப்பும் கீரையும் பழமும் மிகுந்த உணவு இருதயத்துக்கு நன்மை செய்வதை எடுத்துக்காட்டுவர். அதுவும் மெய்யே. ஆக, வைத்தியரிடம் சென்ற இரு கட்சியாரும் வெற்றியோடு திரும்பலாம். மருந்துச் சீட்டும் இருவருக்கும் கிடைக்கும்.

கொல்லாமை என்னும் அறத்தை எடுத்துக்கொண்டாலும் இலையிலே கணக்கு முடிவதில்லை. திருகோணமலைக் கோட்டைக்குள்ளே கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியிலும் நகரத்திலும் புள்ளிமான்கள் அச்சமின்றித் திரிவதை நேயர்கள் பார்த்திருப்பர். அவற்றினும் தூய மரக்கறி உண்போர் யாருளர்? ஆயினும் யாத்திரிகர் வீசியெறியும் பொலித்தீன் உறைகளையும் அவை உணவென்று விழுங்கிவிடுகின்றன. விழுங்கியவை வயிற்றிலே தங்கி மாள்வதுமுண்டு. அவ்வுறையிலே கட்டிவந்தது கோழிப்புரியாணியோ, தயிர்ச்சாதமோ என்று மானின் வயிறு பேதம் பாராட்டாது. தோட்டத்துப் பூசணியைக் காக்க முறைகேடாக இழுத்த மின்கம்பியிலே யானைகள் மாண்ட செய்திகளும் இந்நாட்டுக்குப் புதியனவல்ல. சைவச் சாப்பாட்டுக்குப் பின்னாலும் சில வேளை ஓர் உயிர் விழுந்து கிடக்கின்றது.

அறநூல்கள் யாது கூறுகின்றன? புலால் உண்ணாமையின் மேன்மையைத் தமிழ்ச் சான்றோர் ஐயத்துக்கிடமின்றி உரைத்தனர். திருக்குறளின் 26ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். திருமூலரும் அதனை வற்புறுத்தினார். நல்லூரிலே 1822ஆம் ஆண்டில் தோன்றிய ஆறுமுக நாவலர், சிறுவர் கற்கும் பாலபாடத்திலேயே புலாலுண்ணலைக் கண்டித்து எழுதினார். கோயில்களிலே உயிர்ப்பலி இடுவதையும் கடிந்தார். அப்பெரியார் ஊட்டிய உணர்ச்சியாலேயே ஈழத்துச் சைவ இல்லங்களிலே விரத நாள்கள் இத்துணைக் கண்ணியத்தோடு காக்கப்படுகின்றன. அதனை நகையாடுதல் நன்றியின்மையாகும்.

ஆயினும் இரண்டு செய்திகளை நினைத்தல் வேண்டும். வள்ளுவர் புலால் மறுத்தலைத் துறவறவியலிலே வைத்தார், இல்லறவியலிலே வைத்தாரல்லர். அவ்வதிகாரத்திலேயே இன்னொரு நுட்பமும் உண்டு. தின்போர் இல்லையாயின் விலைக்குத் தருவோரும் இல்லையாவர் என்பது அவர் கருத்து. அஃதாவது, பொறுப்பை வாங்குபவன் தலையிலும் ஏற்றினார். மீனை விரும்பி வாங்கி உண்டுவிட்டு, அதனைப் பிடித்து வந்தவனை இழிந்த தொழிலினன் என்று ஒதுக்குபவருக்கு வள்ளுவரிடத்திலே இடமில்லை. கழுவிய கையிலும் மீன்மணம் உண்டு.

சைவ சமயத்தின் சொந்தப் புராணங்களும் இதையே கூறுகின்றன. காளத்தியிலே பன்றியிறைச்சியைப் படைத்த வேடராகிய கண்ணப்பர் நாயன்மார் அறுபத்துமூவரில் ஒருவர். நாகப்பட்டினத்துக் கடற்கரையிலே பரதவர் தலைவராய் வாழ்ந்த அதிபத்தர் இன்னொருவர். அவர் நாள்தோறும் வலையிற் படும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலே விடுவார். வலையிலே ஒரே மீன் பட்ட வறுமைக் காலத்திலும் அதனை விட்டுவிட்டுப் பசியோடு வீடு சென்றார். பின்னொருநாள் பட்ட பொன்மீனையும் அவ்வாறே விட்டார். வலையைத் துறந்துவிட்டு வா என்று இறைவன் அவரிடம் கேட்கவில்லை. அதுமட்டுமோ? திருவிளையாடற் புராணத்திலே சோமசுந்தரக் கடவுள் தாமே வலைஞராக வந்து சுறாவைப் பிடித்த கதை வலைவீசின படலமாக விளங்குகின்றது. ஆண்டவனே ஒருமுறை செய்த தொழிலை ஈனத்தொழில் என்று சொல்ல எந்த ஆசாரசீலருக்குத் துணிவு வரும்?

இது வெறும் ஏட்டு வாதமன்று என்பதை ஒருநாள் உலகம் கண்டது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி, பௌர்ணமி நாள், ஞாயிற்றுக்கிழமை காலையிலே ஆழிப்பேரலை எழுந்தது. திருகோணமலைக் கரையோரம் முழுவதும் அதன் வாய்ப்பட்டது. இலங்கை முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். மீன்பிடிக் கலங்களிற் பெரும்பகுதி நொறுங்கிற்று. அதன்பின் நாடு ஒரு விசித்திரமான விரதம் பூண்டது. கடல் கொண்ட உடல்களை மீன்கள் தின்றிருக்கும் என்னும் எண்ணத்தினால் மக்கள் மீனைத் தொட மறுத்தனர். மீனை உண்டதால் நோய் பரவியதற்குச் சான்றில்லை என்று உலக நிறுவனங்கள் அறிவித்தும், மனம் இணங்கவில்லை. அதனைக் குற்றமென்று கூறவும் இயலாது. தன் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய்க்கு மீன்சட்டியைப் பார்க்க மனம் வருமோ?

ஆனால் அவ்விரதத்தின் விலையைச் செலுத்தியவன் யார்? வீடிழந்து, உறவிழந்து, படகிழந்து, எஞ்சிய வலைத்துண்டைத் தைத்துக்கொண்டு அஞ்சியஞ்சிக் கடலுக்குச் சென்றவன். பிடித்து வந்த மீனை வாங்குவாரில்லை. அலை அடித்தது ஒருமுறை; வாங்குவோர் கைவிட்டது மறுமுறை. அதற்கு முன்னரே யுத்த காலத்தில், கடலுக்குச் செல்வதற்கு விதித்த கட்டுப்பாடுகளால் நலிந்திருந்த கரையூர்கள் அவை. மச்சமா மரக்கறியா என்பது ஒருவர்க்கு நாவின் கேள்வி. இன்னொருவர்க்கு உலை கொதிக்குமா என்னும் கேள்வி. திங்கள்கள் சென்றன. துயரம் மெல்லத் தணிந்து, சந்தைப் பலகைக்கு ஆட்கள் திரும்பினர். முதன்முதலில் மீண்டும் மீன் வாங்கியவர்கள் சுவைக்காக மட்டும் வாங்கினார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. அயலவன் அடுப்பு எரியட்டும் என்று வாங்கினோரும் அவர்களுள் இருந்திருப்பர்.

சமயமோ துயரமோ கட்டளையிடாமலே விரதம் வந்த காலமும் உண்டு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே மண்ணெண்ணெய் இல்லாமற் படகுகள் கரையிற் கிடந்தன. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆயிற்று. இறைச்சி உண்போர் மீனுக்கு இறங்கினர். மீன் உண்போர் கருவாட்டுக்கு இறங்கினர். கருவாடு உண்போர் பருப்புக்கு இறங்கினர். பருப்பு, தான் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலுமிருந்து கப்பலேறி வந்த பிரபு என்பதை நினைவூட்டி விலையை உயர்த்திக்கொண்டது. கடைசியில் இருந்தது தேங்காய்ச் சம்பல். மாசி கழிந்த சம்பல். நாவலர் பெருமான் ஓயாது பிரசங்கித்தும் எய்தாத பெருவெற்றியை விலைவாசி சில மாதங்களில் எய்திற்று. 2023ஆம் ஆண்டிலே முட்டையும் இந்தியாவிலிருந்து கடல்கடந்து வரலாயிற்று. வறுமையினால் விட்டதை விரதமென்று சொல்லலாகாது. தட்டிலே இருப்பதை மனமுவந்து தள்ளுவதே விரதம். தட்டிலே இல்லாததை நினைந்து பெருமூச்செறிவது பசி. பிள்ளைகளின் தட்டைப் பார்த்து எது விரதம், எது பசி எனப் பகுத்தறிவது பெற்றோர்க்கு மட்டுமன்றி நாடாள்வோர்க்கும் உரிய கடமை.

ஆகவே, வழக்குக்குத் தீர்ப்புக் கேட்போர் ஏமாறுவர். புலால் விலக்கி வாழ்பவர் ஓர் உயர்ந்த நோன்பைக் காக்கின்றார். அந்நோன்பு அயலவன் தட்டை எட்டிப் பார்த்து முகஞ்சுளிக்கும்போது பாதி தேய்ந்துவிடுகின்றது. மச்சம் உண்பவர் தம் முன்னோர் உண்டதை உண்கின்றார். விரதகாரர் அருகிருக்க மீன்முள்ளைக் கொண்டு வேடிக்கை காட்டும்போது அவ்வுணவு அநாகரிகமாகின்றது. பிடித்ததை வீணாக்காமல் உண்பதும், தேவைக்குமேற் கொல்லாமல் விடுவதும், குஞ்சுமீன் தப்ப வலைக்கண்ணை அகல வைப்பதும், எறிந்த உறையை மான் தின்னாமற் பொறுக்குவதும் இரு கட்சியார்க்கும் பொதுவான அறங்கள். இவற்றுக்கு வெள்ளிக்கிழமை வரவேண்டியதில்லை.

உடன்பாட்டை விரும்புவோர்க்குத் தமிழர் ஒரு பானையிலே வழி வைத்திருக்கின்றனர். அதுவே ஒடியற்கூழ். பனங்கிழங்கை உலர்த்தி இடித்த மாவிலே மீன், நண்டு, இறால் ஆகியவற்றோடு பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை என்பனவும் ஒன்றாகக் கொதிக்கும். பழப்புளியும் செத்தல் மிளகாயும் நடுவர்களாக நின்று இரு கட்சியையும் அடக்கும். மீன் தொடாதோர்க்கு அருகிலே இன்னொரு பானையில் மீனில்லாத கூழ் கொதிக்கும். அதே ஒடியல் மா, அதே புளி, அதே உறைப்பு. முற்றத்திலே சுற்றியிருந்து பனையோலைப் பிளாவிலே ஏந்திக் குடிப்போரைத் தூரநின்று பார்ப்பவர்க்கு, எவர் குடிப்பது எந்தக் கூழென்று தெரியாது. இருசாராருக்கும் ஒன்றுபோலவே மூக்கு ஒழுகும். ஒன்றுபோலவே கண் கலங்கும்.

குடித்து முடிந்ததும் பிளாவை எறிந்துவிடலாம். மச்சச் சட்டியோடு கழுவுவதா, சைவச் சட்டியோடு கழுவுவதா என்னும் வழக்கு அதற்கு இல்லை.